மலைப்பாதையில் ஓடும் குடும்பக் காருக்கு ஏற்ற சைலன்சர் மவுண்ட் எது?

காரின் புகைக்குழாயை அடிப்பாகத்தில் தாங்கிப் பிடித்திருக்கும் இறப்பர் வளையங்களை நம்மில் பெரும்பாலோர் சைலன்சர் மவுண்ட் என்றோ சைலன்சர் இறப்பர் என்றோ அழைக்கிறோம். அவற்றில் ஒன்று அறுந்து, சைலன்சர் ஒரு பக்கமாகச் சரிந்து, தேயிலைத் தோட்டப் பாதையின் கல்லில் தட்டத் தொடங்கும் வரை அவற்றைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. அறுந்த பிறகு கார்ச் சொந்தக்காரருக்கு எதிரில் பல வழிகள் இருக்கின்றன. கம்பியால் கட்டி ஓட்டலாம். அறுந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றலாம். மாற்றுவதென்றால் அசல் பாகமா, மலிவான புதிய பாகமா, ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பழைய பாகமா, பாலியூரித்தேன் என்னும் இறுகிய செயற்கைப் பொருளாலானதா என்றும் தெரிவு செய்ய வேண்டும். இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை போன்ற ஊர்களில் நாளாந்தம் ஏறி இறங்கும் சிறிய குடும்பக் கார்களை மனதிற்கொண்டு இந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். மலையகத்தில் ஓடும் காருக்கு, தயாரிப்பாளரின் அசல் மவுண்ட்டையோ, அதே வடிவமும் அதே கடினத்தன்மையும் கொண்ட தரமான புதிய மவுண்ட்டையோ வாங்கி, முழுத் தொகுதியையும் ஒரே தடவையில் மாற்றுவதுதான் சரியான வழி. இறப்பர் துண்டின் விலையை மட்டும் பார்ப்பவருக்கு இது வீண்செலவாகத் தோன்றலாம். ஆனால், அந்தத் துண்டு காப்பாற்றிக்கொண்டிருக்கும், வளைந்துகொடுக்கும் ஃப்ளெக்ஸ் குழாய், புகையின் நச்சைக் குறைக்கும் கெட்டலிட்டிக் கன்வெர்ட்டர், புகையிலுள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சர், சைலன்சர் ஆகியவற்றின் விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மவுண்ட்டில் மிச்சம் பிடிப்பது எவ்வளவு பெரிய நட்டத்துக்கு வழிவிடும் என்பது விளங்கும்.

சுமையும் அசைவும்

மவுண்ட்டின் வேலை சுமையைத் தாங்குவது மட்டுமாக இருந்திருந்தால் இரும்புக் கம்பியே போதுமானதாக இருந்திருக்கும். புகைக்குழாயின் முன்முனை எஞ்சினோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினோ தன் சொந்த மவுண்ட்டுகளின்மேல் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆல்டோ, வேகன் ஆர், விட்ஸ், கொரோலா போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் எஞ்சின் குறுக்கு வாட்டில் அமர்ந்திருப்பதால், ஒவ்வொரு தடவை வேகமிதியை அழுத்தும்போதும் விடும்போதும் அது முன்னும் பின்னும் சாய்கிறது. அதன் அடியில் பொருத்தப்பட்ட குழாயும் அதே திசையில் இழுபடுகிறது. இதனோடு வெப்ப விரிவும் சேர்கிறது. மூன்று மீற்றர் நீளமான உருக்குக் குழாய் சராசரியாக 200 பாகை செல்சியஸ் சூடேறினால், அது ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் நீளும். வண்டி நின்று ஆறியதும் மீண்டும் சுருங்கும். குழாயின் எடையைச் சுமந்துகொண்டே இந்த அசைவுகளுக்கெல்லாம் இடங்கொடுத்து, அதே சமயம் குழாய் காரின் தரையிலோ பின் அச்சிலோ முட்டாமல் தடுத்து, எஞ்சினின் அதிர்வு இருக்கைகளை எட்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டியது கையளவு இறப்பர்த் துண்டுதான்.

மலைநாட்டுப் பாதைகளில் அந்தத் துண்டு படும் பாடு சமவெளியில் படுவதைவிடப் பெரிது. அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறும் ஏ7 வீதியிலோ, கம்பளை, புசல்லாவை கடந்து றம்பொடை வளைவுகளில் ஏறும் ஏ5 வீதியிலோ, குடும்பமும் பொதிகளும் நிறைந்த சிறிய கார் நெடுநேரம் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு செல்கிறது. எஞ்சின் முழு மூச்சாக உழைக்கிறது; வண்டியோ மெதுவாகத்தான் நகர்கிறது; ஆகவே அடிப்பாகத்தைக் குளிர்விக்கும் காற்றோட்டம் குறைந்து, கன்வெர்ட்டருக்கு அருகிலுள்ள மவுண்ட்டுகள் கடுமையாகச் சூடேறுகின்றன. மேலே ஏறியதும், கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரும் மழையும் அதே பாகங்களின்மீது படுகின்றன. இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறோம். அப்போது எஞ்சின் எதிர்த்திசையில் சாய்கிறது. பிரதான வீதியை விட்டுத் தோட்டத்து மேற்பிரிவை நோக்கித் திரும்பினால், கல் பாவிய ஒற்றைப் பாதையும் நீர் அரித்த குழிகளும் காத்திருக்கின்றன. அங்கே இறப்பருக்கு விழுவது இழுவை மட்டுமல்ல, அடியும்தான்.

இன்னொரு காரணம் வெளியில் தெரிவதில்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக உருவாகிறது. நீண்ட பயணத்தில் குழாய் முழுவதும் சூடேறிவிடுவதால் அந்த ஆவி வெளியேறிவிடும். வீட்டிலிருந்து பாடசாலைக்கும் பாடசாலையிலிருந்து கடைக்குமாகச் சில கிலோமீற்றர் மட்டும் ஓடும் காரிலோ, குளிர்ந்த பின் சைலன்சருக்குள் அது நீராகத் தேங்கி, தகட்டை உள்ளிருந்து அரிக்கிறது. அரிப்பு முற்றிய சைலன்சரில் பலவீனமடையும் இடங்களில் ஒன்று, மவுண்ட்டின் துளைக்குள் செல்லும் உருக்குக் கம்பி பற்றவைக்கப்பட்ட இடம். பல சைலன்சர்களின் அடியில் நீர் வடிவதற்கென்றே தயாரிப்பாளர் ஒரு சிறிய துளை விட்டிருப்பார். ஓட்டை விழுந்துவிட்டதென்று எண்ணி அதை வெல்டிங் செய்து அடைப்பவர்கள் உண்டு. அவ்வாறு செய்தால் சைலன்சரின் ஆயுள் விரைவில் முடிந்துவிடும்.

நம் கார்களின் வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் விற்றுவிடும் எண்ணத்தோடு இருந்த பலர், இருந்த காரையே பேணி ஓட்டப் பழகிக்கொண்டார்கள். அதனால் பதினைந்து, இருபது வயதைக் கடந்த கார்கள் மலையக வீதிகளில் சாதாரணமாக ஓடுகின்றன. அவற்றில் பலவற்றில் தொழிற்சாலையில் மாட்டிய மவுண்ட்டுகளே இன்னும் தொங்கிக்கொண்டிருக்கக்கூடும். ஓட்டம் குறைவாக இருந்தாலும் இறப்பர் முதுமையடையும். வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் அதற்குப் போதும்.

அறுந்ததற்குக் காரணம் எது?

எந்த மவுண்ட்டை வாங்குவது என்ற கேள்விக்கு முன், ஏன் அறுந்தது என்ற கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். காரணத்தைப் பாராமல் புதிய இறப்பரை மாட்டிவிட்டால் அதுவும் சில மாதங்களில் அறுந்துவிடும். அப்போது குறை இறப்பரின் தரத்தின்மேல் சுமத்தப்படும். சத்தம் எப்போது எழுகிறது என்பதைக் கூர்ந்து கவனித்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும். குழியில் விழும்போதும் வேகத்தடையைக் கடக்கும்போதும் அடியில் “டக்” என்று தட்டினால், மவுண்ட் தளர்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஏற்றத்தில் நின்று முதலாம் கியரில் புறப்படும் கணத்தில் மட்டும் தட்டினால், முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் மவுண்ட்டை. எஞ்சின் மவுண்ட் கிழிந்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சாய்ந்து, குழாயையும் சைலன்சர் மவுண்ட்டுகளையும் சேர்த்து இழுக்கும். அந்த நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த இறப்பரும் நிலைக்காது. வண்டி நிற்கும்போது, எஞ்சின் மெதுவாக ஓடுகையில் மட்டும் தகரம் அதிர்வதுபோல் “கிர்” என்ற ஒலி கேட்டால், அது வெப்பத் தடுப்புத் தகட்டின் ஆணி துருப்பிடித்துக் கழன்றதாகவும் இருக்கலாம். இதை மவுண்ட் பழுது என்று எண்ணிப் பணம் செலவழிப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கார் நன்றாக ஆறியிருக்கும் காலை நேரத்தில், பின்னால் குந்தியிருந்து குழாயின் முனையைப் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். சற்று அசைந்து, தானாகப் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். எங்கும் உலோகம் உலோகத்தில் முட்டக் கூடாது. பிறகு கைவிளக்கைப் பிடித்து ஒவ்வொரு வளையத்தையும் பார்க்க வேண்டும். துளை வட்டமாக இல்லாமல் நீண்டு முட்டை வடிவமாகியிருத்தல், துளையைச் சுற்றி விரல்நகம் இறங்கும் ஆழத்துக்கு வெடிப்பு, இறப்பர் கல்போல் இறுகிப்போதல், அல்லது எண்ணெயில் ஊறிப் பிசுபிசுத்தல் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று தென்பட்டால், அது அறுவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மேற்பரப்பில் மட்டும் மயிரிழை போன்ற வெடிப்புகள் இருந்தால் பயப்படாமல் அடுத்த சர்விஸ் வரை கண்காணித்து வரலாம்.

கம்பிக் கட்டு

இனி வழிகளுக்கு வருவோம். மலையகத்தில் மிகப் பரவலான வழி கம்பிக் கட்டுதான். “அண்ணே, இப்போதைக்குக் கம்பி போட்டு இறுக்கிவிடுங்க, அடுத்த சம்பளத்தில் மாத்திக்குவோம்” என்ற வேண்டுகோளைக் கேட்காத கராஜ் இருக்க முடியாது. அதைக் கேட்பவரின் நிலைமையும் எனக்கு நன்றாகத் தெரியும். பாதி வழியில் அறுந்துவிட்டால் வீடு சேர்வதற்குக் கம்பி மிகச் சரியான தீர்வு. காரில் ஒரு மீற்றர் கட்டுக்கம்பியை வைத்திருக்கும்படி எல்லோருக்கும் சொல்வேன். அதற்காக அதை மாதக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. கம்பி அசைவுக்கு இடங்கொடுக்காததால், எஞ்சின் சாயும்போது ஏற்படும் இழுவை முழுவதும் முன்னாலுள்ள ஃப்ளெக்ஸ் குழாயின் பின்னலிலோ, ஸ்பிரிங் போல்ட் போட்ட இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டிலோ போய் விழுகிறது. அந்த இடத்தில் பிளவு ஏற்பட்டால் புகை காரின் முன்பாகத்திற்கு அடியிலேயே கசியத் தொடங்கும்.

இந்தக் கசிவைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்கும் மழைக்கும் பயந்து கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிவிட்டு, பின் இருக்கையில் பிள்ளைகளை உறங்கவைத்தபடி, பனிமூட்டத்தில் மெதுவாக ஊர்ந்து செல்வது நம் ஊர் வழக்கம். அத்தகைய பயணத்தில் தரையின் துளைகள் வழியே சிறிதளவு புகை உள்ளே வந்தாலும் தலைவலி, குமட்டல், மயக்கம் என்று அது வளரும். பயணக் களைப்பு என்றே நாம் அதை நினைத்துக்கொள்வோம். கட்டு கம்பியால் ஆனதா, டியூப் பட்டியால் ஆனதா என்பது இங்கே முக்கியமில்லை. தற்காலிகக் கட்டு எதுவானாலும் ஓரிரு வாரங்களுக்குள் அவிழ்க்கப்பட வேண்டும். ஆண்டு வருமான அனுமதிப்பத்திரத்துக்காகச் செய்யும் புகைப் பரிசோதனையிலும், குழாயில் கசிவு இருந்தால் வெளிக்காற்று கலந்து அளவீடு பிழைத்துப்போகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஜப்பானிய இறப்பர்

அடுத்தது, கழற்றி விற்கப்படும் ஜப்பானியப் பாகங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்தும், அங்கிருந்து சரக்கெடுக்கும் கண்டிக் கடைகளிலிருந்தும் வாங்கும் ரீகண்டிஷன் கியர்பெட்டி, கதவு, விளக்கு போன்றவை நல்ல தெரிவுகளாக இருக்கலாம். உலோகத்தையும் கண்ணாடியையும் நேரில் பார்த்தே மதிப்பிட்டுவிடலாம். இறப்பருக்கு அந்த நியாயம் பொருந்தாது. அந்தக் கார் ஜப்பானில் எத்தனை ஆண்டுகள் ஓடியது, பனிக்காலத்தில் வீதியில் தூவும் உப்புக்கு எவ்வளவு ஆட்பட்டது, கழற்றிய பின் கொள்கலனிலும் கடை முகப்பு வெயிலிலும் எவ்வளவு காலம் கிடந்தது என்பதெல்லாம் வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. “ஜப்பான் சாமான்” என்ற பெயருக்கு நம்மிடையே உள்ள மதிப்பு பல பாகங்களில் நியாயமானதுதான். ஆனால் பதினைந்து வயதான இறப்பர் எங்கே செய்யப்பட்டதாக இருந்தாலும் பதினைந்து வயதான இறப்பர்தான். ஒரேயொரு விதிவிலக்கை ஏற்கிறேன். உருக்குக் கம்பியும் மவுண்ட்டும் ஒன்றாகச் சேர்ந்த பிடிப்பு சில கார்களில் தனியே கிடைப்பதில்லை. அங்கே பழைய பிடிப்பை வாங்கி, முடிந்தால் அதன் இறப்பரை மட்டும் புதிதாக்கிக்கொள்ளலாம்.

அசலா, மாற்றுத் தயாரிப்பா?

உண்மையான போட்டி அசல் புதிய பாகத்துக்கும் பிற நிறுவனங்களின் புதிய பாகத்துக்கும் இடையில்தான். அசல் மவுண்ட்டுகளில் பெரும்பாலும் பயன்படுவது ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை இறப்பர். ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ் வெப்பத்தைத் தொடர்ந்து தாங்கும் இயல்பும், ஓசோனுக்கும் மழைக்கும் அசையாத இயல்பும் அதற்கு உண்டு. கன்வெர்ட்டருக்கு மிக அருகில் சில தயாரிப்பாளர்கள் இதைவிட வெப்பம் தாங்கும் சிலிக்கோனையும் பயன்படுத்துகிறார்கள். அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனிக் கடினத்தன்மை தெரிவு செய்யப்பட்டிருப்பது. ஒரே தோற்றமுள்ள இரண்டு வளையங்களில் ஒன்று இளகியதாகவும் மற்றொன்று இறுகியதாகவும் இருக்கக்கூடும். காரணம், ஒன்று எடையைச் சுமக்கிறது, மற்றொன்று ஆட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. டொயோட்டா கார்களில் இந்தப் பாகங்களின் எண் பெரும்பாலும் 17565 என்று தொடங்கும். அதற்குப் பின்வரும் எண்கள் வேறுபட்டால், தோற்றம் ஒன்றாக இருந்தாலும் பாகம் வேறு. ஆகவே கடைக்குப் பழைய துண்டை மட்டும் கொண்டுபோய் “இதைப் போல ஒன்று” என்று கேட்பதைவிட, காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணை எடுப்பது நல்லது.

பிற நிறுவனங்களின் பாகங்களில் நல்லதும் உண்டு, தீயதும் உண்டு. நல்லவற்றை வாங்கினால் அசல் பாகத்தின் விலையில் ஒரு பகுதியிலேயே காரியம் முடிந்துவிடும். தீயவை ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை. கடையில் நின்றபடியே சிலவற்றைச் சோதிக்கலாம். கையில் எடுத்து முறுக்கிப் பார்த்தால், நல்ல இறப்பர் விட்டவுடன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். மலிவான மீள்சுழற்சி இறப்பர் சோம்பலாகத் திரும்பும், சில வேளை முறுக்கிய இடத்தில் வெளிறிய கோடு விழும். அச்சு இணைந்த விளிம்பு சுத்தமாக இருக்க வேண்டும்; துளைக்குள் காற்றுக்குமிழிப் பள்ளம் இருக்கக் கூடாது. துளையின் விட்டத்தையும் இரண்டு துளைகளுக்கு இடையிலான தூரத்தையும் அளந்து பார்ப்பது அவசியம். துளைக்குள் செல்லும் உருக்குக் கம்பியின் தடிப்பு பெரும்பாலான சிறிய கார்களில் 10 முதல் 12 மில்லிமீற்றர் வரை இருக்கும். துளைகளுக்கு இடைப்பட்ட தூரம் சில மில்லிமீற்றர் கூடினாலே சைலன்சர் அந்த அளவுக்குத் தாழும். கல் பாதையில் செல்லும் தாழ்வான காருக்கு அந்தச் சில மில்லிமீற்றரும் பெறுமதியானது. உள்ளே உருக்குப் பட்டையோ துணிநாரோ பதித்த மவுண்ட் அசலில் இருந்தால், மாற்றும் பாகத்திலும் அது இருக்க வேண்டும். இறப்பர் அறுந்தாலும் குழாய் வீதியில் விழாமல் தடுக்கவே அது வைக்கப்பட்டிருக்கிறது.

எனவே இரண்டையும் கலந்து வாங்கும்படி பரிந்துரைக்கிறேன். கன்வெர்ட்டருக்கு அருகிலுள்ள முன் மவுண்ட்டுகளுக்கு வெப்பம் அதிகம். அங்கே அசல் பாகத்தையே மாட்டுங்கள். பின் சைலன்சரைத் தாங்குபவற்றுக்கு வெப்பம் குறைவு, சுமையும் அடியும் அதிகம். சோதித்து வாங்கிய நல்ல மாற்றுத் தயாரிப்பு அங்கே போதும்.

உள்ளூரில் அச்சிட்டு விற்கப்படும் இயற்கை இறப்பர் மவுண்ட்டுகளைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. 1876இல் ஹெனரத்கொடைத் தாவரவியல் பூங்காவில் முதல் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்ட நாடு இது. கேகாலைப் பக்கத்து இறப்பரின் தரத்தைப் பற்றி எனக்குச் சிறு ஐயமும் இல்லை. கிழிவைத் தாங்குவதில் இயற்கை இறப்பர் மிகச் சிறந்தது. ஆனால் வெப்பமும் ஓசோனும் அதன் பலவீனங்கள்; நீண்ட நேரம் 80 பாகையைத் தாண்டும் இடத்தில் அது விரைவில் இறுகி வெடிக்கும். கடைசிச் சைலன்சருக்கு, அதுவும் வெப்பத் தகடு சரியாக இருக்கும் காரில், அதைப் பயன்படுத்தலாம், முன்பகுதிக்கு வேண்டாம். பழைய டயரையோ கன்வேயர் பட்டியையோ வெட்டித் துளையிட்டுச் செய்யும் துண்டுகள் அளவுக்கு மீறி இறுக்கமானவை என்பதால், அவற்றைக் கம்பிக் கட்டின் வரிசையிலேயே வைக்கிறேன்.

பாலியூரித்தேன் மவுண்ட்டுகள் சிவப்பிலும் நீலத்திலும் பளபளப்பதால் இளைஞர்களைக் கவர்கின்றன. எண்ணெய்க்கும் உராய்வுக்கும் அவை கெட்டியானவை. சாதாரண இறப்பர் மவுண்ட், கடினத்தன்மையைக் காட்டும் ஷோர் ஏ அளவையில் ஏறத்தாழ 50 முதல் 60 வரை இருக்க, இவை 80ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். பந்தயக் காரில் குழாய் ஆடாமல் இருப்பதற்கு அது உதவும். குடும்பக் காரிலோ, அந்த இறுக்கம் எஞ்சினின் அதிர்வை அப்படியே தரைக்கும் இருக்கைக்கும் கடத்துகிறது; ஏற்றத்தில் குறைந்த சுழற்சியில் எஞ்சின் உறுமும் நேரமெல்லாம் காருக்குள் ஒரு தாழ்ந்த ரீங்காரம் நிரம்பும். வெப்பமும் ஈரமும் ஒன்றுசேரும் இடத்தில் பாலியூரித்தேனின் கட்டமைப்பு நீரால் சிதைவதும் உண்டு. மலையகத்தில் அவை இரண்டுக்கும் குறைவில்லை. இதைக் குடும்பக் காருக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

ஒன்றா, முழுத் தொகுதியா?

நான்கைந்து மவுண்ட்டுகளில் ஒன்று அறுந்துவிட்டால், அதன் பங்கு எடை மற்றவற்றின்மேல் ஏறுகிறது. அவையும் அதே வயதானவை. அதே வெப்பத்தைத் தின்றவை. ஆகவே ஒன்று அறுந்த காரில் அடுத்தது அறுவது நாட்களின் கணக்கு. இன்னொரு சிக்கலும் உண்டு. புதிய வளையம் குழாயைச் சரியான உயரத்துக்கு உயர்த்துகிறது; தளர்ந்து நீண்ட பழைய வளையமோ மறுபக்கத்தைத் தாழ்த்தியே வைத்திருக்கிறது; இதனால் குழாய் முறுகி, நடு இணைப்பில் ஓயாத திருகல் விசை தங்கிவிடுகிறது. மற்ற மவுண்ட்டுகள் கடந்த சில மாதங்களுக்குள் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால் மட்டுமே அறுந்த ஒன்றை மாத்திரம் மாற்றுவது பொருந்தும். மற்ற நிலைமைகளில், குறைந்தபட்சம் ஒரே சைலன்சரைத் தாங்கும் இடது வலது இரண்டையும் சோடியாக மாற்ற வேண்டும்.

இறப்பர் நன்றாக இருந்து, உருக்குக் கம்பி மட்டும் முறிந்திருந்தால் வெல்டிங் தவிர்க்க முடியாதது. அதே தடிப்புள்ள கம்பியை அதே கோணத்தில் வைத்துப் பற்றவைக்கும்படி வெல்டிங் செய்பவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். கோணம் தவறினால் புதிய மவுண்ட் முதல் நாளிலிருந்தே முறுகிய நிலையில் வேலை செய்யும். பல கார்களில் பின் சைலன்சருக்கு அருகிலேயே பெற்றோல் தாங்கி இருப்பதால், முடிந்தவரை சைலன்சரைக் கழற்றி வெளியே எடுத்தே வெல்டிங் செய்ய வேண்டும். காரிலேயே செய்ய நேர்ந்தால் பற்றரியின் நெகட்டிவ் (−) முனையைக் கழற்றிவிட வேண்டும்.

வீட்டிலா, கராஜிலா?

வேலை எளிதானது, வேலை செய்யும் இடம்தான் எளிதானதல்ல. மலையகத்தில் வீட்டு முற்றம் சரிவாக இருப்பதே வழமை. சரிவில் ஜாக் போட்டு உயர்த்திய காருக்கு அடியில் நுழைவதை எந்தச் சூழ்நிலையிலும் செய்யக் கூடாது என்று உறுதியாகச் சொல்கிறேன். சமதளம் இருந்து, உறுதியான ஸ்டாண்டுகள் இரண்டு இருந்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு அணைக்கட்டை வைத்து, குழாய் முழுவதும் ஆறியிருந்தால் மட்டும் வீட்டில் செய்யலாம். கன்வெர்ட்டர் பல நூறு பாகை வரை சூடேறும் பாகம் என்பதால், ஓடி வந்த காரை ஓரிரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். இந்த வசதிகளில் ஒன்று குறைந்தாலும், குழியோ காரைத் தூக்கும் ஹொயிஸ்ட்டோ உள்ள கராஜுக்குக் கொண்டுபோவதே சரி. கூலி பெரிதாக இராது, அடிப்பாகம் முழுவதையும் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பும் கிடைக்கும்.

யார் செய்தாலும் மூன்று விடயங்களில் கண்டிப்பாக இருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் சைலன்சருக்கு அடியில் ஒரு ஜாக்கையோ மரக்கட்டையையோ முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முழு எடையும் ஃப்ளெக்ஸ் குழாயில் தொங்கும். எல்லா இறப்பரையும் ஒரேயடியாகக் கழற்றாமல், ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்ட வேண்டும். வளையம் கம்பியில் வழுக்கி ஏறுவதற்குச் சவர்க்காரத் தண்ணீரையோ சிலிக்கோன் ஸ்பிரேயையோ பயன்படுத்த வேண்டும். கிரீஸும் எஞ்சின் எண்ணெயும் ஈ.பி.டி.எம். இறப்பரை ஊதவைத்து இளக்கிவிடும்.

பராமரிப்புக்கு வந்தால், நம் நாட்டில் பல சர்விஸ் நிலையங்களில் கார் கழுவிய பின் அடிப்பாகம் முழுவதற்கும் எண்ணெய் விசிறும் பழக்கம் இருக்கிறது. தகட்டைத் துருவிலிருந்து காக்க அது உதவினாலும், அதே எண்ணெய்தான் சைலன்சர் மவுண்ட்டுகளையும் சஸ்பென்ஷன் புஷ்களையும் தின்கிறது. எண்ணெய் விசிறத்தான் வேண்டுமென்றால் மவுண்ட்டுகளை உறையால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். மறுத்தால் விசிறலையே தவிருங்கள். கம்பிகளின் பற்றவைப்பு இடங்களில் மட்டும் துருவைச் சுரண்டி வெப்பம் தாங்கும் வர்ணம் பூசுவது, எண்ணெய் விசிறலைவிட நெடுநாள் பயன் தரும். தென்மேற்குப் பருவமழை முடிந்ததும் ஒருமுறை, தோட்டப் பாதையில் நாளாந்தம் ஓடும் காராக இருந்தால் எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு தடவையும், எல்லா வளையங்களையும் விளக்குப் பிடித்துப் பார்ப்பது போதுமானது. ஆக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் எஞ்சின் ஒரு பயணத்திலேயே பலமுறை நின்று நின்று புறப்படுவதால், ஒவ்வொரு புறப்பாட்டின் குலுக்கலும் மவுண்ட்டுகளில் விழுகிறது. குழாயும் முழுச் சூட்டை எட்டாமல் நீர் தேங்கும். அவற்றை இன்னும் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும்.

கையில் பணம் குறைவாக இருந்து முழுத் தொகுதியையும் இப்போதே வாங்க முடியாதவர்கள், வரிசையை இப்படி வகுத்துக்கொள்ளலாம். எஞ்சின் மவுண்ட் கிழிந்திருந்தால் முதல் செலவு அதற்கே. அடுத்தது, அதிக எடையைச் சுமக்கும் பின் சைலன்சரின் சோடி. மூன்றாவதாகக் கன்வெர்ட்டருக்கு அருகிலுள்ளவை, அவை அசலாகவே இருக்கட்டும். நடுக் குழாயின் மவுண்ட் கடைசியில் வரலாம். இந்த இடைவெளி மூன்று மாதங்களைத் தாண்ட வேண்டாம். மாற்றிய முதல் வாரத்தில் ஒரு நீண்ட ஏற்றம் ஏறி இறங்கிய பின், கார் ஆறியதும் எல்லா வளையங்களும் கம்பியின் முனைக்குமிழுக்கு உள்ளேயே அமர்ந்திருக்கின்றனவா, குழாய் முனை பம்பரின் வெட்டுக்கு நடுவில் நிற்கிறதா, இணைப்புகளைச் சுற்றிக் கரும்புகைக் கறை படிந்திருக்கிறதா என்று மீண்டும் ஒருமுறை பாருங்கள். கறை தெரிந்தால் அந்தக் கேஸ்கட்டையும் அதே வாரத்தில் மாற்றிவிடுங்கள்.